இளநீர் குடிக்காமல் வாருங்கள்

எனக்கு ஆபரேஷன் தேதி குறித்த செய்தி ஆசிரியைகள் அறையில் பரவியபோது, என்னைவிட மற்றவர்கள்தான் அதிகம் மகிழ்ந்தார்கள். தேதி அரையாண்டு விடுமுறைக்குள் விழுந்திருந்தது. எங்கள் பள்ளியில் அதுதான் முறை. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைக்குக் காது குத்துவது, கர்ப்பப்பையை எடுப்பது எல்லாவற்றையும் லீவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவ விடுப்பும் மிஞ்சும், பாடமும் நிற்காது.

"அரையாண்டுல வச்சது நல்லது. மே மாசம்னா வேக்காட்டுல தையல் நமநமன்னு இருக்கும்," என்றார் மூத்த தமிழாசிரியை. முந்தைய மே மாதம் நான் போகப்போகும் அதே நர்சிங் ஹோமில் கர்ப்பப்பையை எடுக்கும் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டவர் அவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர்; பள்ளியில் என்னை உரிமையோடு 'ஏளா' என்று கூப்பிடும் ஒரே ஆள். "இருமல் வந்தா தலையணைய வயித்துல அமுக்கிக்கிடணும். அதவிட முக்கியம், சிரிக்க வைக்கிற ஆள உள்ள விடாத. ஒம் மாப்பிள்ளைய வீட்டுலயே இருக்கச் சொல்லிரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம் என்றிருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு பாளையங்கோட்டையில், வேலை சேரன்மகாதேவியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், கணக்கு ஆசிரியை. நீர்க்கடுப்பு என்று எல்லாரும் சொல்லும் தொந்தரவு எனக்கு நாலு வருடமாக இருந்தது. நீர் பிரியும்போது எரிச்சல், பிரிந்த மறுநிமிடமே மறுபடி போகவேண்டும் என்ற நெருக்கல், அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வலி. மாத்திரையில் சற்று அடங்கும். மாத்திரை முடிந்து சில வாரத்தில் திரும்பி வரும். ஒரு தேற்றத்தைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஓடியிருக்கிறேன். ஒருநாள் பேருந்தில் தாங்கமுடியாமல் பத்தமடையில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். பாய் நெய்துகொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, கோரையை ஒதுக்கிவிட்டு வழி காட்டினாள். வெளியே வந்தபோது, "எனக்கும் இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அறுவை மருத்துவர் ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதுதான் என்னை மடக்கியது.

"நீர்ல ஒண்ணும் இல்லம்மா. எத்தனை மட்டம் கல்ச்சர் பாத்தாச்சு? ஒரு மட்டமாவது கிருமி இருந்துச்சா? கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கியிருக்கு. அது நீர்ப்பையைப் போட்டு அமுக்குது. எடுத்துட்டா நிம்மதி. இனிமே அது எதுக்கு உங்களுக்கு?"

கல்ச்சர் என்பது சிறுநீரை ஒரு தட்டில் தடவி வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. எனக்கு அது பல மட்டம், அதாவது பலமுறை, எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் குறிப்பிடத்தக்க வளர்ச்சி எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வரும். வலியோ என் உடம்பில் இருந்தது. தாளில் அது இல்லை. தாளும் நானும் நேருக்கு நேர் நின்றால் எல்லாரும் தாளைத்தான் நம்பினார்கள். ஒருமுறை, "மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்கிடாதிய" என்றுகூட ஒரு நர்ஸ் சொன்னாள். விடை தப்பாக வருகிறது என்பதற்காக நடுவில் ஒரு வரியை அழிக்கும் மாணவியை நான் திட்டுவேன். பிழை எந்த வரியில் என்று முதலில் கண்டுபிடி என்பேன். இப்போது என் உடம்பில் ஒரு வரியை அழிக்கப் போகிறார்கள். பிழை அங்கேதான் என்று எனக்கு யாரும் காட்டவில்லை.

வீட்டில் இந்தத் தொந்தரவுக்குப் பெயர் சூடு. என் மாமியார் சூட்டை எதிரியாகவே பாவித்தார். வெந்தயம், பார்லி, மோர், பனங்கற்கண்டு எல்லாம் எப்போதும் தயார். டெஸ்டுக்குப் போகும் நாளில் கவனிப்பு இரட்டிப்பாகும். "சூட்டோட போயி நின்னா டெஸ்டு எப்படி நல்லபடியா வரும்? தணிச்சிட்டுப் போ," என்பார். விடிந்ததும் பெரிய டம்ளரில் பார்லி கஞ்சி. பள்ளிக்கு ஒரு பாட்டில் வெந்தய நீர். மதியம் மோர். பள்ளி விட்டு நேராக நர்சிங் ஹோம் போனால், வாசலில் என் கணவர் இளநீர்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்பார். மின்வாரியத்தில் வேலை, மாலையில் சைக்கிளில் வந்துவிடுவார். "வழுக்க வேண்டாம் அண்ணாச்சி, தண்ணி நெறைய உள்ளதா வெட்டுங்க. இவுக டெஸ்டுக்குப் போறாக," என்பார். இளநீர்க்காரருக்கு என் சிறுநீர் நிலவரம் முழுவதும் தெரியும்.

டெஸ்டு நல்லபடியாகவே வந்துகொண்டிருந்தது.

தீபாவளி கழிந்ததும் ஆபரேஷனுக்கான எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி எடுத்துவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். அந்த வருடம் கந்த சஷ்டியின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீடுகளில் ஆறு நாளும் விரதம். கடைசி நாள் நான் சூரசம்ஹாரம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பேன். பள்ளி இல்லாத நாள் என்பதால் காலையிலேயே நர்சிங் ஹோமுக்குப் போனேன். பரிசோதனைக்கூடம் பூட்டியிருந்தது.

"லேப் அண்ணாச்சி திருச்செந்தூர் போயிட்டாரும்மா. சூரனைக் கொன்னுட்டு நாளைக்கழிச்சு வந்துருவாரு," என்றார் வாசலில் இருந்தவர்.

நாளைக்கழித்து என்றால் மறுபடி பள்ளி விட்டு ஓடிவர வேண்டும். வந்த காரியத்தை முடிக்காமல் திரும்புவது எனக்குப் பிடிக்காது. அங்கிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக்கு நடந்தேன். அங்கே ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. முந்தைய இரவிலிருந்து ஒரு மடக்குக்கூட நான் குடித்திருக்கவில்லை. பாட்டிலில் பிடித்த நீர் கடுந்தேயிலை நிறத்தில் இருந்தது. அதை மேசையில் வைக்கவே வெட்கமாக இருந்தது. மாமியார் கண்டால் சூடு தலைக்கேறிவிட்டது என்பார்.

செவ்வாய்க்கிழமை மாலை முடிவு வாங்கப் போனேன். தாளை நீட்டிய பெண் என் பெயரைக் கேட்டதும் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர், அவுக வந்திருக்காக," என்றாள். கிருமியியல் மருத்துவர் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் கண்கள்.

"நாலு வருஷமா கடுப்புன்னு எழுதிக் கொடுத்த டீச்சர் நீங்கதானா? உள்ள வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

அவர் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதில் இளஞ்சிவப்பாக, நெருக்கமாக, மருதாணிப் புள்ளி வைத்ததுபோல் நிறைய இருந்தன.

"இது என்னது?"

"உங்க ஆளுக."

நான் தட்டின் அருகே குனிந்தேன். நாலு வருடமாக இல்லை இல்லை என்று எல்லாரும் சொன்னது, இதோ கண்முன்னே ஒரு தட்டு நிறைய இருக்கிறது. அவர் இன்னொரு தட்டை எடுத்தார். அதில் சின்னச் சின்ன வெள்ளைக் காகிதப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து இருக்கிறதாம். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவான வட்டம் விழும். கேட்காவிட்டால் கிருமி பொட்டின் ஓரம்வரை வந்து உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு சிறிய அளவுகோலை வைத்து வட்டத்தின் விட்டத்தை அளந்து காட்டினார். விட்டம். என் சொல் அது. அந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

"இந்த ரெண்டு மாத்திரையா இதுவரைக்கும் தின்னிய?" என்று அவர் காட்டிய பொட்டுகளைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமிகள் சாவகாசமாக முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன. சற்றுத் தள்ளி வேறொரு பொட்டைச் சுற்றி நல்ல அகலமான வட்டம்.

"அப்ப ஏன் டாக்டர் இதுக்கு முன்னாடி ஒரு மட்டம்கூட வரலை?"

அவர் திருப்பி என்னைக் கேள்வி கேட்டார். எந்நேரம் கொடுப்பீர்கள், கொடுக்கும் முன் என்ன சாப்பிட்டிருப்பீர்கள், என்ன குடித்திருப்பீர்கள். நான் எதையும் விடாமல் சொல்கிறவள். பார்லி, வெந்தயம், மோர், இளநீர் என்று வரிசையாகச் சொன்னேன். இளநீர் வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார்.

"டீச்சர், சாட்சியை எல்லாம் கழுவி விட்டுட்டு நியாயம் கேக்கப் போயிருக்கிய."

பிறகு விளக்கினார். ஒரு மில்லிலிட்டர் நீரில் லட்சம் கிருமிக்கு மேல் இருந்தால் நோய் என்று எழுதுவார்கள். லட்சத்துக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. குடம் குடமாகக் குடித்துவிட்டு, நீர் சற்றும் தங்காமல் உடனே கொடுத்தால், இருக்கிற கிருமியும் கலைந்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். "குடிக்கிறது நல்லதுதாம். நெறைய குடிக்கணும். டெஸ்டுக்குக் கொடுத்த பொறவு குடிங்க. விரதம் எல்லாம் வேண்டாம், ராத்திரி தூங்கி எந்திரிச்சதும் வாற முதல் நீர் போதும்."

ஒரு நெல் அளவு உப்பை ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டால் கரிக்கும். கொப்பரைத் தண்ணீரில் போட்டால் தெரியாது. ஆறாம் வகுப்புக் கணக்கு. நாலு வருடமாக அந்தக் கணக்கின் உள்ளேயே நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் உடைத்துப் பால் பிழிந்து சொதி வைத்தேன். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பது. சாதாரண செவ்வாய்க்கிழமை இரவில் யாரும் வைக்கமாட்டார்கள். என் கணவர் சைக்கிளை நிறுத்தும்போதே வாசனை பிடித்துவிட்டார்.

"யாருக்கு மறுவீடு இன்னைக்கு?"

"டெஸ்டுல கிருமி வந்திருக்கு."

அவர் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு, "கிருமி வந்ததுக்கு விருந்து வைக்கிற வீடு ஜில்லாவுலயே இது ஒண்ணாத்தாம் இருக்கும்," என்றார். ஆனால் சாப்பிடும்போது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மாமியார் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். "முருகன் காட்டிக் கொடுத்துட்டாம்."

"ஆமா அத்தை. இனிமே டெஸ்டு அன்னைக்கு மட்டும் இளநீர் வேண்டாம்."

"முருகன் காட்டிக் கொடுத்ததுக்கு இளநிய எதுக்குளா குத்தம் சொல்லுத?"

மறுநாளே என் அறுவை மருத்துவரிடம் தாளைக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "சரி, இந்த மட்டம் வந்திருக்கு. மாத்திரையை மாத்தி எழுதுதேன். தேதி தேதியா இருக்கட்டும்."

"மாத்திரை முடிஞ்சு வலியும் போயிட்டா?"

"நாலு வருஷத்து வலி டீச்சரம்மா. ஒரு தாளை வச்சு முடிவு பண்ணக் கூடாது."

"இத்தனை நாள் அப்படித்தானே டாக்டர் முடிவு பண்ணுனோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, ஆனால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். கட்டிலை ஒதுக்கி வைத்தாகிவிட்டது, மயக்க மருந்து கொடுப்பவருக்கும் சொல்லியாகிவிட்டது.

அகலமான வட்டம் விழுந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டேன். நாலைந்து நாளில் எரிச்சல் நின்றது. முடியும்போது நெருக்கலும் நின்றது. ஒரு மாலை பள்ளி விட்டுப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பத்தமடை வந்தது, நான் இறங்கவில்லை. தருவை போயிற்று. முன்னீர்ப்பள்ளத்தில் நடத்துநர் சில்லறைக்காக ஒருவரோடு சண்டை போட்டு வண்டியை நிறுத்தி வைத்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போடட்டும் என்று வேடிக்கை பார்த்தேன். மேலப்பாளையத்தில் கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்தது. ஜங்ஷன் வந்து இறங்கிய பிறகுதான், வழியெல்லாம் என் உடம்பை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. அன்றைய நாட்குறிப்பில் 'பேருந்து. ஒன்றுமில்லை' என்று எழுதினேன். அதைவிடச் சந்தோஷமான ஒரு குறிப்பை நான் எழுதியதில்லை.

பிறகு விடியற்காலை முதல் நீரைக் கொண்டுபோய் மறுபடி சோதித்தேன். கழுவாத சாட்சி. தட்டில் ஒன்றும் வளரவில்லை. இந்த 'இல்லை' உண்மையான 'இல்லை' என்று அந்த இளம் மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆசிரியைகள் அறையில் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கரும்பலகைத் துண்டில் வட்டங்கள் வரைந்து, பொட்டு வைத்து, தட்டு எப்படி இருந்தது என்று காட்டினேன். ஒண்ணுக்குப் போவதைப் பற்றி அந்த அறையில் அதுவரை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அன்று பேசினார்கள். ஒருவர் கண்காணிப்பு வேலை உள்ள தேர்வு நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். இன்னொருவர் ஒவ்வொரு கோடையிலும் தனக்கு வருவது சூடு என்றே நினைத்திருந்தார். தமிழாசிரியை டிபன் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்து எல்லாரும் போனதும் அருகில் வந்தார்.

"எனக்கு எடுத்த பொறவும் இருக்குளா."

"என்னது அக்கா?"

"கடுப்பு. அதுக்குத்தானே எடுத்தது. எடுத்தும் அப்படியே இருக்கு. வெளிய சொன்னா அவ்வளவு பாடும் வீணுன்னு ஆயிரும்லா? அதாம் சொல்லலை." குரலைத் தாழ்த்தினார். "டெஸ்டு அன்னைக்கு நானும் பதநீ குடிச்சிட்டுத்தாம் போனேம்."

என்னால் அன்று அடுத்த வகுப்பை ஒழுங்காக எடுக்க முடியவில்லை. என் ஆபரேஷன் தேதி என்னுடையது மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே தமிழாசிரியையையும் அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவர் காப்பி குடித்துவிட்டு வந்திருந்ததால் அவருடைய சோதனையை விடுமுறைக்குத் தள்ளிவைத்தோம். சோதனைக்கு வரும் பெண்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டு அச்சடிக்க வேண்டும் என்றேன். அந்த இளம் மருத்துவர் உடனே ஒன்று எழுதினார். தமிழாசிரியை வாங்கிப் பார்த்தார்.

"'இடைநிலைச் சிறுநீரைச் சேகரிக்கவும்.' இது யாருக்கு டாக்டர்? எனக்கே புரியலை, நான் தமிழ் எம்.ஏ."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

தமிழாசிரியை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காலையில் எழுந்ததும் வரும் முதல் நீர். முதலில் கொஞ்சம் கீழே போகவிட்டு, பிறகு பாட்டிலில் பிடிக்கவும். அதற்கு முன் பார்லி, பதநீர், மோர், இளநீர் எதுவும் குடிக்காமல் வாருங்கள். கொடுத்த பின் நன்றாகக் குடியுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி வரியில் தமிழாசிரியை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்து, வலி மட்டும் இருந்தால், மறுபடி வாருங்கள்.

மருத்துவர் அந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டார். "இதை நான் மட்டும் சொன்னாப் பத்தாது. லட்சத்துக்குக் கீழ இருக்கிறதையும் எழுதி அனுப்புதேன்னா, வாங்குத டாக்டர்மாரும் அதைப் பாக்கணும்லா? மாசக் கூட்டம் வருது. அஞ்சு நிமிஷம் வாங்கித் தாறேன். பேசுவியளா?"

"நானா?"

"கணக்கு உங்களுதுதானே."

நகரத்து மருத்துவர்கள் மாதம் ஒரு தடவை ஜங்ஷன் பக்கம் ஒரு விடுதிக் கூடத்தில் கூடுவார்கள். அந்த மாதக் கூட்டம் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில். என் ஆபரேஷன் தேதிக்குச் சில நாட்களே இருந்தன. நான் சுருட்டுக் கரும்பலகையும், பள்ளி ஆய்வகத்துக் கண்ணாடிக் குவளை ஒன்றும், ஒரு வாளியும், நீல மையும் கொண்டுபோனேன். என் மருத்துவர் முன்வரிசையில் இருந்தார். தமிழாசிரியை கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

வாளியைப் பார்த்ததும் ஒருவர், "எங்களுக்கே பாடமா டீச்சர்?" என்றார்.

"பாடம் மட்டும்தான். பரீட்சை கிடையாது," என்றேன். அந்தச் சிரிப்பில் என் படபடப்பு போயிற்று.

குவளைத் தண்ணீரில் பத்துச் சொட்டு மை விட்டேன். நன்றாக நீலமாயிற்று. வாளித் தண்ணீரில் அதே பத்துச் சொட்டு. நிறமே தெரியவில்லை. "இந்த வாளியில மை இல்லைன்னு எழுதுனா அது சரியா? எங்க ஊர்ல டெஸ்டுக்கு வாற முக்கால்வாசிப் பேர் வாளியாத்தான் வாறோம். வாளியாக்கி அனுப்புறது வீட்டுல உள்ளவங்க பாசம்." பிறகு கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, மேலே லட்சம் என்று எழுதினேன். "தொண்ணூறாயிரம் இருந்தா வலிக்காதா டாக்டர்? அம்பதாயிரம் இருந்தா? இந்தக் கோட்டைப் போடும்போது சேரன்மாதேவியில பஸ் ஏறுத பொம்பளை யாரையாவது கேட்டாங்களா?"

இளம் மருத்துவர் எழுந்தார். அந்தக் கோடு வேறு நாட்டில், வேறு நோயாளிகளை வைத்து, ரொம்ப நாளைக்கு முன் போட்டது என்றார். வலியோடு வரும் நம் பெண்களுக்கு அது பொருந்துமா என்பது தனக்குத் தெரியாது, இங்கே யாரும் பார்க்கவில்லை, தான் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். தெரியாது என்று ஒரு மருத்துவர் அத்தனை பேர் முன்னால் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

என் மருத்துவர் உட்கார்ந்தபடியே கேட்டார். "எல்லாம் சரிம்மா. டெஸ்டுல இல்லைன்னு வந்து, கர்ப்பப்பையும் வீங்கியிருந்தா நான் என்ன செய்யணும்? எடுத்தவங்க எத்தனையோ பேர் நல்லா இருக்காங்களே. யாரும் திரும்பி வந்து குறை சொல்லலையே."

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் சொல்லலை டாக்டர்," என்றார் தமிழாசிரியை. "போன மே மாசம் நீங்கதாம் எடுத்திய. தையல் எல்லாம் அருமையா ஆறிட்டு. கடுப்பு அப்படியேதாம் இருக்கு. உங்க மேல உள்ள மரியாதையில சொல்லாம இருந்துட்டேம்."

என் மருத்துவர் திரும்பித் தமிழாசிரியையைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. எழுந்து, நாற்காலிகளுக்கு இடையே கடைசி வரிசைவரை நடந்து போனார்.

"அன்னைக்கே வந்து என்னைத் திட்டியிருக்கலாம்லா."

"இப்பத் திட்டுனாப் போதுமா டாக்டர்?"

"போதும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, உங்க தேதியை அடிச்சிருதேன். கட்டில் வேற ஆளுக்குப் போகட்டும். அந்த நாள்ல இவுகள லேபுக்குக் கூட்டிட்டுப் போங்க. சீட்டு நானே எழுதித் தாறேன்." மேசையில் நான் அச்சடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டுகளில் ஒரு கற்றையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசிக்காமல் வைத்தாரே என்று நினைத்தேன். படியிறங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டே இறங்கினார்.

ஆபரேஷன் மேசையில் நான் படுத்திருக்க வேண்டிய காலையில், ஆய்வுக்கூடத்து வராந்தாவில் நின்றிருந்தேன். தமிழாசிரியையோடு எங்கள் பள்ளியிலிருந்து இன்னும் நாலைந்து பேர் விடியற்காலைப் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். எவரும் காப்பிகூடக் குடிக்கவில்லை, காலை முதல் நீரையும் அடக்கி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் எரிச்சல், ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தார்கள்.

"ஏளா, லீவு நாள்ல ஒரு மனுஷியப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

"நல்லாத்தான் இருக்கேன் அக்கா."

"பேசாத."

அவர் உள்ளே போய்த் திரும்பி வந்து, பாட்டிலை என் கையில் கொடுத்தார். பேனாவைத் திறந்து சீட்டில் அவர் பெயரை எழுதப் போனேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பெரிசா எழுது. இந்த மட்டம் என்னைய இல்லைன்னு சொல்லிரக் கூடாது."